கண் மூடின படம் குப்பைக்கு

விலைச் சீட்டைப் பார்த்ததும் காரினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டுலூத் நகரத்தில் இருக்கிற பெரிய கேமராக் கடை. கண்ணாடி அலமாரிக்குள் வெள்ளைவெளேரென்று, கைக்குழந்தை நீளத்துக்கு ஒரு லென்ஸ் படுத்திருந்தது. அந்த விலைக்கு அவள் ஓட்டிக்கொண்டு வந்த வேனையே வாங்கிவிடலாம், டாங்கையும் நிரப்பிக் கொடுப்பார்கள்.

“இந்த சைபர் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கா தம்பி?”

“சரிதாம்மா. விளையாட்டுப் படம் எடுக்கறவங்க இதத்தான் கேப்பாங்க.”

“எவன் கேப்பான்? கிட்னிய வித்தவனா?”

கடைக்காரன் சிரிக்காமல் வேறொரு பெட்டியை எடுத்து வைத்தான். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காம். ஒரு கேமரா, ஒரு குட்டி லென்ஸ், ஒரு நீள லென்ஸ், தோளில் மாட்ட ஒரு பை. கையில் இருந்த அறுநூறு டாலருக்குள் அடங்கியது. பை இலவசம் என்றதும் காரின் கவிழ்ந்துவிட்டாள். இலவசம் என்றால் யார்தான் கவிழவில்லை?

ஊரில் எல்லோரும் அவள் பேனருக்காகத்தான் கேமரா வாங்குகிறாள் என்று நினைத்தார்கள். எங்கள் சுரங்க ஊரில் பள்ளிக்கூட ஐஸ் ஹாக்கி இருக்கிற நாளில் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். கடைசி வருஷப் பையன்கள் ஒவ்வொருவனுக்கும் ஆளுயர பேனர் அடித்து அரங்கத்துச் சுவரில் தொங்கவிடுவோம். காரினின் மகன் டானர்தான் அந்த வருஷம் கோல்கீப்பர். அவன் பேனருக்குப் பளிச்சென்று ஒரு படம் வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அது பாதிப் பொய். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆட்டத்தில் எதிரணித் தடியன் ஒருத்தன் வழுக்கிக்கொண்டு வந்து டானர் மேல் விழ, அவன் தலை கோல் கம்பத்தில் மோதியது. சில வாரம் ஓய்வு. அப்புறம் டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லி, விளையாடலாம் என்று சீட்டு வாங்கி வந்துவிட்டான். சுரங்கத்தில் லாரி ஓட்டுகிற அவள் புருஷன் ரிக், “டாக்டரே சொல்லியாச்சு. நீ என்ன டாக்டருக்கு டாக்டரா?” என்று வாயை அடைத்தான்.

ஆனால் காரினுக்கு ஒரு தம்பி இருந்தான், டேல். டானர் வயசில் அவனுக்கும் இதே மாதிரி அடி. ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று மறைத்து அந்த வருஷம் முழுக்க ஆடினான். இன்றைக்கு அவன் திரைச்சீலை மூடின அறையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சாப்பிட்டோமா இல்லையா என்பதையே யாராவது சொல்ல வேண்டும். அதனால்தான் டானரை உட்காரவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். “ஏதாவது ஒரு மாதிரி இருந்தா மொதல்ல உங்கிட்டதாம்மா சொல்வேன்” என்று அவனும் தலையில் அடித்துச் சொன்னான்.

சொன்னாலும் மனசு கேட்குமா? மேலே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் கவசமும் கம்பிவலையும்தான் தெரிகிறது. உள்ளே இருக்கிற முகம் தெரியவில்லை. காரின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தலைக்கு மேலே தொங்குகிற ஒரு கண்ணாடியில் பஸ் நிறையப் பிள்ளைகளைப் பார்த்து, எவன் வயிற்றுவலி, எவன் திருட்டு முழி என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். தன் பிள்ளை முகத்தை மட்டும் ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. அதற்குத்தான் கேமரா.

முதல் ஆட்டம் முடிந்து படங்களைப் பார்த்தவளுக்கு அடுத்த அதிர்ச்சி. ஒன்றில்கூட மனுஷன் இல்லை. பனிக்கு மேலே பழுப்பாக ஏதோ புகை ஓடியது. புகைக்கு நடுவே ஒரு நம்பர். அவ்வளவுதான்.

“அடிப்பாவி, இத யாருடி உன் தலையில கட்டினது?” என்று கேட்டாள் மார்லிஸ். காரினோடு பள்ளியில் படித்தவள். ஊர் வாரப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவள், அவளே விளம்பரமும் பிடிப்பாள், சாவுச் செய்தியும் எழுதுவாள்.

“பை இலவசம்னான்.”

“அந்தப் பையத் தலையில மாட்டிக்கிட்டு போ. இது வெயில்ல பேஸ்பால் எடுக்கற லென்ஸு. நம்ம அரங்கத்துல வெளிச்சம் எங்க இருக்கு? எங்கம்மா வீட்டு நிலவறை இதவிடப் பளிச்சுன்னு இருக்கும். வெளிச்சம் பத்தலன்னா கேமரா என்ன பண்ணும்? ஷட்டர மெதுவாத் தொறந்து மெதுவா மூடும். அதுக்குள்ள உம்மவன் ஒரு தடவ விழுந்து எந்திரிச்சிருவான். புகைதான் வரும்.”

“அப்ப அந்த வெள்ளக் குழாய்தான் வாங்கணுமா? நான் எங்க போவேன்?”

“கூவாத. மொதல்ல இதத் திருப்பிக் குடு. காச ரெண்டாப் பிரி. கேமரா உடம்பு பழசு போதும், நாலஞ்சு வருஷப் பழசு. புதுசு வந்ததும் அத எவனும் சீந்தமாட்டான். மிச்சத்த லென்ஸ்ல போடு. எண்பத்தஞ்சு மில்லிமீட்டர், வாய் நல்லா அகலமாத் தொறந்து வெளிச்சத்த அள்ளி உள்ள விடறது. பழசு மலிவாக் கெடைக்கும்.”

“அதுல ஜூம் உண்டா?”

“கெடையாது.”

“ஜூம் இல்லாம ஹாக்கி எப்படிடி எடுக்கறது?”

“உம்மவன் கோல்கீப்பருடி! எங்க ஓடிரப்போறான்? கோலுக்கு முன்னாடிதான நிப்பான்? மூலையில கண்ணாடித் தடுப்புல நான் படம் எடுக்கற ஓட்டை இருக்குல்ல, அங்க நில்லு. ஆட்டம் மூணு பகுதியில மொதல் பகுதியும் கடைசிப் பகுதியும் உனக்குக் கையெட்டுற தூரத்துல இருப்பான். நடுப்பகுதியில அந்தப் பக்கம் போயிருவான், அப்ப போய் ஒன்னுக்கு இருந்துட்டு வா.”

அப்படித்தான் வாங்கினாள். தபாலில் வந்த பழைய கேமராவின் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. லென்ஸ் கைக்குள் அடங்குகிற குட்டை. இதுவா அதைவிட உசத்தி என்று காரினுக்கு நம்பிக்கையே இல்லை.

முதல் படத்தைக் கேமரா முதுகிலிருக்கிற திரையில் பார்த்தாள். கம்பிவலைக்குப் பின்னால் டானர். மீசை முளைக்கப் பார்க்கிற உதட்டில் வியர்வை. கன்னத்தில் சின்ன வயசில் நாய் கடித்த தழும்பு. மூச்சுக்காற்றுகூட அப்படியே உறைந்து நின்றது. அரங்கம் முழுக்கக் கத்திக்கொண்டிருக்க, காரின் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதாள். பயம் பாதி இறங்கிவிட்டது. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான்.

அதற்கப்புறம் வந்தது அவளுக்குத் தெரியாத வேலை. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் படபடவென்று சுட்டுத்தள்ளுகிற கேமரா அது. ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் படம் சேர்ந்துவிடும். இத்தனையையும் என்ன செய்வது என்று மார்லிஸிடம் கேட்டாள்.

“இரக்கமே பாக்காத” என்றாள் மார்லிஸ். “மங்கலா இருந்தாக் குப்பை. முதுகு தெரிஞ்சாக் குப்பை. கண் மூடின படம் குப்பைக்கு, யோசிக்கவே யோசிக்காத. கண் மூடினவன் படத்த எந்தத் தாயும் பேப்பர்ல வெட்டி ஒட்டமாட்டா.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுக் கணினியோடு உட்கார்ந்தாள். ரிக் மிச்சமிருந்த இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

“என்னடி, எரும மாட்ட அடிக்கற மாதிரி ஒரே பட்டனப் போட்டு அடிக்கற?”

“கண்ண மூடிட்டிருக்கான், கண்ண மூடிட்டிருக்கான், இதுலயும் மூடிட்டிருக்கான். உங்க வம்சமே இப்படித்தான். நம்ம கல்யாண ஆல்பத்துல நீ ஒரு படத்துலயாவது முழிச்சிட்டிருக்கியா?”

“பொண்ணப் பாத்துட்டு பயந்து மூடியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு ரிக் நகர்ந்தான்.

டானர் எப்போது வந்து பின்னால் நின்றான் என்று அவள் கவனிக்கவில்லை. திரும்பினால் அவன் முகத்தில் ஈயாடவில்லை. குளிர்பெட்டிமேல் சாய்ந்துகொண்டு, அவள் விரல் அழிக்கிற பொத்தானில் விழுந்து விழுந்து எழுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாத்தையும் பாக்கறியாம்மா?”

“கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாக்கறேன். ஒண்ணு விடல.”

“பாத்துட்டு... என்ன?”

“என்ன, என்ன? நல்லாருக்க. ராஜா மாதிரி இருக்க. போ, போய்க் குளி.”

அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். என்னவோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. அப்புறம் குனிந்து அவள் உச்சியில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனான். பதினெட்டு வயசுப் பையன் கேட்காமல் முத்தம் கொடுத்தால் எந்தத் தாய்க்குத்தான் தலைகால் புரியும்? காரின் சாயந்தரம் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அணி ஜெயித்துக்கொண்டே போனது. டானர் சுவர் மாதிரி நின்றான். பேனரும் வந்துவிட்டது. கம்பிவலைக்குப் பின்னால் இரண்டு கண்ணும் அகலத் திறந்து, நேராகப் பார்க்கிற டானர். ஊரே மெச்சியது. காரினுக்கு மட்டும் ஒரு குறை. அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு பறந்து வருகிற நொடியில் அவனைப் பிடிக்க வேண்டும், முகமும் வட்டும் ஒரே படத்தில். எத்தனை ஆட்டம் எடுத்தும் அது மாட்டவே இல்லை. வட்டு இருக்கிற படத்திலெல்லாம் கண்ணை மூடித் தொலைக்கிறான். லென்ஸ்மேல்தான் கோபம் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் அவன் முகத்தைக் கையில் முட்டுக்கொடுத்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்து, “என் சமையல் அவ்வளவு சலிப்பாவா இருக்கு?” என்று அதட்டியும் இருக்கிறாள்.

வட்டார இறுதி ஆட்டம் வந்தது. அதில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. எங்கள் ஊர் அங்கே போய்ப் பல வருஷமாகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டதும் காரின் நேராக மார்லிஸின் அலுவலகத்துக்குப் போய்க் கேமராவை மேஜைமேல் பொத்தென்று வைத்தாள்.

“இந்தா, உன் அகலவாய் லென்ஸு. சரியா அவன் இமைக்கிற நேரம் பாத்துச் சுடுது. ராத்திரிக்குள்ள வேற ஏதாவது குடு.”

“லென்ஸுக்கும் இமைக்கும் என்னடி சம்பந்தம்? காட்டு.”

போன ஆட்டத்துப் படங்களை இன்னும் அழிக்கவில்லை. மார்லிஸ் அவற்றைத் தன் பெரிய திரையில் போட்டு வரிசையாக ஓட்டினாள். வட்டு தூரத்தில் இருக்கிறது, டானர் கண் திறந்திருக்கிறது. எதிரணிக்காரன் மட்டையை ஓங்குகிறான், கண் மூடுகிறது. வட்டு பறக்கிறது, கண் மூடியே இருக்கிறது. டானர் தடுக்கிறான், வட்டு ஓரத்துக்குப் போகிறது. கண் திறக்கிறது.

மார்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மறுபடி ஓட்டினாள். வேறொரு ஷாட். அதேதான்.

“இமைக்கறதுன்னா ஒரு படத்துல மூடி அடுத்ததுல தொறந்துரும். இது வரிசையா பத்துப் படமா மூடியிருக்கு.” அவள் குரல் மாறிவிட்டது. “காரின், நீ எப்பவும் ஒரு பக்கமாவே நின்னு எடுக்கற. வட்டு வர்றப்ப அவன் அந்தப் பக்கம் பாப்பான், உனக்கு இடது கண்ணு மட்டுந்தான் தெரியுது. இந்தா, இதுல கொஞ்சம் திரும்பியிருக்கான் பாரு.”

பெரிதாக்கினாள். கம்பிவலை திரை முழுக்க விரிந்தது. அதற்குள்ளே டானரின் வலது கண் திறந்து வட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. இடது கண் மட்டும் இறுக மூடியிருந்தது.

“நீ வச்சிருக்கற நல்ல படம் ஏதாவது ஒண்ணுல வட்டு இருக்கா?” என்று மார்லிஸ் மெதுவாகக் கேட்டாள்.

காரினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்றில்கூட வட்டு இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேஜையில் உட்கார்ந்து அவள் விரல் தட்டின தட்டெல்லாம் காதில் கேட்டது. முகத்தைப் பார்க்கத்தானே வாங்கினாள்? பார்க்க வேண்டியதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறாள். ஐயோ, டேலும் முதலில் இப்படித்தான். ஒரு கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பேப்பர் படிப்பான்.

“நாந்தாண்டி சொன்னேன், கண் மூடினா யோசிக்காதேன்னு” என்று மார்லிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். காரின் அதைக் காதில் வாங்கவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் சுவரில் பேனர். ஆளுயர டானர் இரண்டு கண்ணையும் திறந்து சிரித்தான். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பையன்கள் நடைபாதையில் வட்டமாக நின்று பந்தைக் காலால் தட்டித் தட்டி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். டானரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பின்னாலிருந்து எவனோ, “அம்மா கூப்பிடறாங்க, பால் குடிச்சிட்டு வா!” என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

“வண்டில ஏறு.”

“இப்பயா? கோச் கத்துவாரும்மா.”

“ஏறுடா!”

ஏறினான். கேமராவை அவன் மடியில் வைத்து அந்தப் படத்தைக் காட்டினாள். அவன் பதறுவான், பொய் சொல்லுவான், கோபப்படுவான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் சாதாரணமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“இத ஏன் அழிக்காம வச்சிருக்க?”

“இடது கண்ண ஏன் மூடற டானர்?”

“என்னம்மா, புதுசாக் கேக்கற மாதிரி கேக்கற?” அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “ரெண்டு வட்டு வருதும்மா. ஒண்ண மூடினா ஒண்ணு போயிரும். உனக்குத்தான் தெரியுமே.”

“எனக்கா? எனக்கு என்னடா தெரியும்?”

“நீதான ஒண்ணு விடாம பாத்தேன்ன?”

வண்டிக்குள் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் சாவியைத் திருகக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

“நீ மொதல் தடவ ஓட்டைகிட்ட வந்து நின்னப்பவே செத்தேன்னு நெனச்சேன்” என்றான் டானர். “அவ்வளவு கிட்ட நின்னா மறைக்க முடியுமா? ஞாயித்துக்கிழமை சொல்லிறலாம்னுதான் வந்து பின்னாடி நின்னேன். நீ கண் மூடினதா பாத்துப் பாத்து அழிச்சிட்டிருந்த. அப்பா எட்டிப் பாத்தப்ப ஏதோ சொல்லிச் சிரிச்சு அனுப்பிட்ட. எல்லாத்தையும் பாத்தியான்னு கேட்டேன். பாத்தேன், நல்லாருக்கன்ன. அப்பாவுக்கும் கோச்சுக்கும் தெரியக்கூடாதுன்னு எனக்காக அழிக்கறேன்னு நெனச்சேன். உனக்கும் நான் ஆடணும்னு ஆசைன்னு நெனச்சேம்மா. இல்லன்னா நான் அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

அந்த முத்தம் எதற்கு என்று காரினுக்கு இப்போது புரிந்துபோனது. உச்சந்தலை எரிந்தது.

கோச் வெளியே ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். அவள் இறக்கினாள்.

“ரெண்டாவது பையன கோல்ல நிறுத்துங்க.”

“வெளையாடறியா காரின்? ஃபைனல்! டாக்டர் சீட்டுல என்ன—”

“இவன் வரமாட்டான். போங்க.”

கண்ணாடியை ஏற்றினாள். டானர் தானாகவே சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. பெரிய ஆஸ்பத்திரி டுலூத்தில், வண்டியை அங்கே விட்டாள். எதிரே சாலை முழுக்க அரங்கத்துக்கு வருகிற கார்கள், ஒவ்வொன்றும் ஹாரன் அடித்துக் கொடி ஆட்டிக்கொண்டு. எல்லோரும் டானர் வீட்டு வேனை அடையாளம் கண்டு கையசைத்தார்கள்.

சாலை முனையில் நிறுத்தினாள். அவன் பக்கம் திரும்பினாள்.

“என்னப் பாரு. கண்ண மூடாத. ரெண்டு கண்ணாலயும் பாரு.”

பார்த்தான். எவ்வளவோ வாரத்துக்கப்புறம் இடது கண்ணும் அவளைப் பார்த்தது. அது கொஞ்சம் தள்ளி, அவள் காதோரம் எங்கேயோ நின்றது.

“எத்தன பேர் தெரியறேன்?”

“ரெண்டு.”

“எது நான்?”

“தெரியலம்மா” என்றான் டானர். “ரெண்டு பேரும் அழறீங்க.”